தட்டு மறையும் ஆழம்

கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

தட்டு நீருக்குள் இறங்கியது.

சாப்பாட்டுத் தட்டு அளவுதான். கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பாகம் பூசியது. அது கண்ணுக்கு மறையும் ஆழம்தான் தண்ணீரின் தெளிவு. இதைப் பார்க்கத்தான் இரண்டு பேரை ஓமான் வரை விமானம் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

கயிறு அவன் பொறுப்பு. கண் தேன்மொழியின் பொறுப்பு.

படகின் நிழல் பக்கமாகக் குனிந்து பார்ப்பாள். தட்டு மறைந்ததும் "தெரியல" என்பாள். மேலே இழுக்கும்போது கண்ணில் பட்டதும் "தெரியுது" என்பாள். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஆழத்தை எழுதிக்கொள்வார்கள்.

போன வாரப் புழுதிக்காற்றில் அணைத் தண்ணீர் டீ மாதிரி இருந்தது. இன்று தெளிந்துவிட்டது. தட்டு போய்க்கொண்டே இருந்தது.

சுற்றிலும் மொட்டை மலை. பேருக்கு ஒரு புல் இல்லை.

நாளை அவள் கரூருக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

படகோட்டி சலீமுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு தைரியத்தில் கேட்டுவிட்டான்.

"தேன்மொழி, உங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

அவள் நிமிரவில்லை.

"தெரியல."

கயிறு விடுவதை நிறுத்தினான்.

தட்டா? தன் கேள்விக்குப் பதிலா?

விளக்கம் கேட்கவும் பயம். கயிற்றில் ஆழக் குறியைப் பார்க்கவே மறந்துபோனான்.

முறைப்படி இனி மேலே இழுக்க வேண்டும்.

இழுத்தான். கயிறு லேசாக வந்தது.

ரொம்பவே லேசாக வந்தது.

தேன்மொழியின் மூக்குக்கு நேரே வெறும் நுனி வெளியே வந்து சொட்டியது. தட்டு இல்லை. காலையில் முடிச்சுப் போட்டவன் அவன்தான். மனசு அப்போதே முடிச்சில் இல்லை.

சலீம் வாயைத் திறந்தான். கயிறு பிடித்தவன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

தேன்மொழி கயிற்று நுனியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். காது மடல் சிவக்க மறுபடி தண்ணீருக்குள் குனிந்துகொண்டாள்.

வெகு நேரம் உற்றுப் பார்த்தாள், அங்கே ஏதோ இருப்பதுபோல.

"தெரியுது" என்றாள். "நல்லாவே தெரியுது. எழுதிக்குங்க."