சிவப்புச் சீட்டு

"ஆறு அங்குலம்தானே சார் தூக்கியிருக்கேன்? அதுக்குப் போயி வண்டியையே முடக்கணுமா?"

பரிசோதகர் குனிந்தார். அளவு நாடாவை இழுத்து, பிக்கப் வண்டியின் முன்விளக்குக்கும் தரைக்கும் நடுவே பிடித்தார். அந்த வாகனச் சோதனைக் களத்தில் எல்லோரும் அவரை 'டேப்' என்றுதான் சொல்வார்கள், அவர் காதுபடச் சொல்வதில்லை. டயர் தேய்ந்திருக்கிறது என்று சொந்த மாமனாரின் காரையே திருப்பி அனுப்பிய மனிதர். அதற்குப் பிறகு மாமனார் வீட்டுப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்க முடியவில்லை என்று கேள்வி.

"இந்த விளக்கு எதிர்ல வர்றவன் கண்ணுல நேரா அடிக்கும். டயர் ரெண்டு பக்கமும் ஒரு சாண் வெளியே துருத்திக்கிட்டு நிக்குது. முன்னாடி இந்த இரும்புக் கம்பி வேற. யாரை இடிக்கறதா உத்தேசம்?"

"நான் மலைமேல செல்போன் டவர் ரிப்பேர் பண்றவன் சார். பாதையெல்லாம் பாறை. சாதா வண்டி பாதியிலேயே படுத்துடும்."

"பாறைக்கு இது ராஜா, ஒத்துக்கறேன். ஆனா தினம் வீட்டுலேருந்து மலைக்கு எந்த வழியா போறே?"

அவன் பிடரியைச் சொறிந்தான். "கடைத்தெரு வழியாத்தான்."

"அங்கே ஸ்கூல் ஏதாவது இருக்கா?"

"ரெண்டு இருக்கு சார்."

சொன்னது அவன் இல்லை. அவனுக்குப் பின்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பெண். அவன் திரும்பி முறைத்தான்.

"அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு." பிறகு பரிசோதகரிடம், "எங்க அக்கா சார். வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். அம்மா போனதுலேருந்து என்னை வளர்த்ததே இவங்கதான். நான் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும்."

பரிசோதகர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் சிவப்புச் சீட்டுக் கட்டு, இன்னொரு பக்கம் மஞ்சள் சீட்டுக் கட்டு. சிவப்பைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால், மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்கும்வரை வண்டி களத்தை விட்டு நகராது. மஞ்சள் என்றால் மூன்று மாதத் தவணை. அதுவரை ஓட்டிக்கொள்ளலாம். மஞ்சள் சீட்டுக் கட்டின்மேல் தூசி படிந்திருந்தது.

அவர் கை வழக்கம்போலச் சிவப்புக்குப் போயிற்று.

"சார், வண்டி ஒரு வாரம் நின்னா என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க சார்!"

"சட்டம் உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு கிடையாதுப்பா."

எழுதப் போனவர் தற்செயலாக நிமிர்ந்தார். தம்பியின் முதுகுக்குப் பின்னால் அக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். உதடு துடித்தது. கண்ணில் தளும்பிய நீர் இமையைத் தாண்டி வழிந்தது. பார்வை மட்டும் அந்தச் சிவப்புச் சீட்டை விட்டு அகலவில்லை.

எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். பெரிய மனிதர்கள் பெயரைச் சொல்லி மிரட்டியவர்கள் உண்டு. காலில் விழுந்தவர்கள் உண்டு. இப்படி ஒரு வார்த்தை பேசாமல் யாரும் கெஞ்சியதில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பேனா நின்றது.

சிவப்புச் சீட்டைக் கட்டோடு திரும்ப வைத்தார்.

"போனாப் போகுது. மூணு மாசம் தர்றேன். அதுக்குள்ள எல்லாத்தையும் சரிபண்ணிக் கொண்டாந்து காட்டணும்."

"வேண்டாம் சார்!" அக்கா பதறினாள். "எங்களுக்காக நீங்க எதுவும் பண்ண வேண்டாம். சட்டப்படி என்னவோ அதையே செய்யுங்க."

ரோஷக்காரி. தம்பிக்காகக் கும்பிடவும் தெரிகிறது, சலுகை வாங்கக் கூசவும் தெரிகிறது. பரிசோதகருக்கு அவள்மேல் மரியாதை கூடிப்போயிற்று.

"நீ பேசாம இரும்மா. எனக்கு எல்லாம் புரியுது" என்று மஞ்சள் சீட்டில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

தம்பி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அடுத்த நிமிஷம் வண்டி களமே அதிர உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயிற்று. பரிசோதகர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மாமனாருக்கு இன்று ஒரு போன் போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தால், மேஜைக்கு எதிரே அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, தம்பிகூடப் போகலையா?"

"அவன் நேரா வேலைக்குப் போறான் சார்." அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒரு விஷயத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். அதான் பேசாம உங்களைக் கும்பிட்டேன்."

"அதுக்குத்தான் விட்டுட்டேனேம்மா. இன்னும் என்ன?"

"விடச் சொல்லிக் கும்பிடலை சார், அந்தச் சிவப்புச் சீட்டை ஒட்டச் சொல்லித்தான் கும்பிட்டேன். அவனுக்கு வலிப்பு வருது, இந்த மாசம் மட்டும் மூணு தடவை. வண்டியைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்காதவனை நீங்களாவது நிறுத்துவீங்கன்னுதான், அரை அங்குலத்துக்குக்கூட இரக்கப்படாத ஆளு யாருன்னு ஊரெல்லாம் விசாரிச்சு உங்ககிட்ட கூட்டிட்டு வந்தேன்."