தொட்டி வாயருகே வைத்த பூஜ்ஜியம்

பாத்தாம் தீவின் கப்பல் பட்டறையில் வெயில் ஏறுகிறது. எண்ணெய்த் தொட்டியின் திறந்த வாயருகே நின்று மேற்பார்வையாளர் ஹெண்டார்டோ தீப்பற்றும் வாயுவை அளக்கும் வாயுமானியைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பும் பொத்தானை அழுத்துகிறார். திரையில் பூஜ்ஜியம் வருகிறது. "பாத்தியாம்மா, சுத்தமா இருக்கு. ஆளுங்கள இறக்கு." பாதுகாப்புச் சோதனை பார்க்கும் ரோஸ்மைடாவுக்குக் காது மடல் சுடுகிறது. "இங்க வச்சு பூஜ்ஜியம் போட்டா, கசியுற வாயுவையே நல்ல காத்துன்னு இது நம்பிக்கும் சார்!" "காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா? மதியத்துக்குள்ள வெல்டிங் முடியணும்." அவள் கருவியை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறாள். இரும்புத் தளம் அதிர நடந்து, கடல்காற்று முகத்தில் அறையும் படகுத்துறை முனையில் மறுபடி பூஜ்ஜியம் வைக்கிறாள். திரும்பி வந்து கருவியின் உறிஞ்சுகுழாயைத் தொட்டிக்குள் விட்டதும் கருவி வீறிடுகிறது. சிவப்பு விளக்கு அவள் விரல்களில் துடிக்கிறது. வெல்டர் டோகார் ஏணியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுக்கிறான். "பழைய கருவி, அணைச்சுத் தொலை" என்கிறார் ஹெண்டார்டோ. அலறும் கருவியை அவள் அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "அப்ப முதல்ல நீங்க இறங்குங்க சார்." அவர் ஓரடி பின்னால் நகர்கிறார். டோகார் கையுறைகளைக் கழற்றி அவர் காலடியில் எறிகிறான். பின்னால் இறங்கக் காத்து நிற்கும் ஐந்து வெல்டர்களும் ஒவ்வொருவராகக் கழற்றுகிறார்கள்.