வாசிப்புச் சோதனை

கண்டி மிஷன் பாடசாலையில் ஒரே ஓர் இடம்தான் மீதமிருந்தது. வாசிப்பில் தவறினால் செல்லாயி ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிக் கொழுந்துக் கூடை சுமக்க வேண்டும்.

அவள் தடங்கலே இல்லாமல் வாசித்தாள். தலைமையாசிரியர் தேவசகாயம் மகிழ்ந்துபோய் அருகே வந்தார். வந்தவரின் முகம் மாறியது.

"என்ன பிள்ளை, புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறாய்? பாடமாக்கிக்கொண்டு வந்தனியோ?"

"இல்லீங்க சார்."

"அப்ப இதை வாசி, பாப்பம்."

அன்றைய செய்தித்தாளை நீட்டினார். செல்லாயி அதையும் தலைகீழாகத் திருப்பினாள். வாசலில் நின்ற அப்பா அழகையா கண்களை மூடிக்கொண்டார்.

தேயிலை விலையிலிருந்து கப்பல் செய்தி வரை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தாள்.

தேவசகாயத்தின் குரல் தணிந்தது. "ஆர் உனக்கு இப்படிப் படிப்பிச்சது?"

"யாருமில்லீங்க. அண்ணன் மட்டுந்தான் பள்ளிக்கூடம் போச்சு. எங்க லயத்து வீட்டுல ஒரே வெளக்கு, ஒரே புத்தகம். அண்ணன் அந்தப் பக்கம் ஒக்காந்து சத்தமாப் படிக்கும். நான் எதுத்தாப்புல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேங்க."

தேவசகாயம் செய்தித்தாளை வாங்கித் தானும் தலைகீழாகப் பிடித்தார். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

"அழகையா, நாளைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார், தாளை நிமிர்த்தாமலே.