உப்புப் பானைக்குக் கீழே

1963 டிசம்பர் பதினொன்று, கல்லடி. மழை ஏழாவது நாளாக விடாமல் பெய்கிறது. அடுக்களையில் ஞானமலர், அடுப்புக்கு மேலுள்ள தட்டிலிருந்து ஒரு பால்மா டின்னை இறக்குகிறாள். அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டைக் கள்ளி. கன்னியர் மடத்தில் சேர்ந்த மகள் றோஸ்மேரி, "மாரியில தண்ணி காட்டாதீங்கம்மா" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனது. வீட்டில் ஈரம் ஏறாத இடம் இந்தத் தட்டுதான் என்று ஞானமலர் ஐப்பசியிலேயே ஏற்றிவைத்தாள்; ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஆனாலும் மண் நனைந்திருக்கிறது, கள்ளியின் அடி மஞ்சளித்திருக்கிறது. வாவிப் பக்கத்து யன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் டின்னைத் திருப்புகிறாள். மகள் சிவப்புப் பெயின்றால் எழுதிய பெயரில் புகை படிந்திருக்கிறது. இதே தட்டில் எட்டி எட்டிப் புளி திருடிய கை எழுதிய எழுத்து. ஞானமலர் மண்ணைத் தொட்டு நாக்கில் வைக்கிறாள்.

வாசலில் நிற்கும் கணவர் நோபேட் சிரிக்கிறார். "என்னகா, சோறு ஆகல்லையெண்டு மண்ணத் தின்றியா?"

"உப்புக் கரிக்குதுங்க."

இருவரும் நிமிர்கிறார்கள். உறியில் தொங்கும் உப்புப் பானை ஈரக்காற்றில் கசிந்து, டின் இருந்த இடத்தில் சொட்டுகிறது.

"மழைக்குப் பயந்து கடலுக்க கொண்டு வச்சிருக்காய்."

"பகிடிய விடுங்க. தையில மடத்துக்குப் போகக்குள்ள புள்ள இதைத்தான் முதல்ல கேப்பாள்."

நோபேட் உள்ளே போய், கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கென்று காயவைத்திருந்த ஆற்றுமணலை, கள்ளிக்கு மண் மாற்றப் பெட்டியோடு கொண்டுவருகிறார்.

கள்ளி பிழைத்தது. தையில் மடத்துக்குப் பார்க்கப் போனபோது றோஸ்மேரி அதைப் பற்றிக் கேட்கவில்லை.