சீலன் வரும்வரை

தாளை மேசையிலேயே விட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

அவள் அதைக் கவனித்தபோது கணவர் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். கூப்பிட முடியாது. மண்டபமே கைதட்டிக்கொண்டிருந்தது.

பெரிய பெரிய எழுத்தில் அவள்தான் எழுதியிருந்தாள். நன்றி. விளையாட்டுக் கழகத்துக்கு வாழ்த்து. இளம் வீரர்களுக்கு இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். காலையில் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

அதை நம்பித்தான் கூட்டி வந்தாள்.

அவர் நினைவிலிருந்து பெயர்கள்தான் முதலில் போயின. பிறகு கிழமைகள். டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தொலைபேசியை அவளே எடுப்பாள். வீட்டுக்கு வருகிறோம் என்பவர்களிடம் ஊரில் இல்லை என்பாள். கழகச் செயலாளர் அழைத்த அன்று மட்டும் அவர் முந்திக்கொண்டார். வருடாந்த விருந்து, வழமைபோல நீங்கள்தான் பேசவேண்டும் என்றார்களாம். அன்றிலிருந்து தினமும் அந்த நீல பிளேசரை எடுத்து மாட்டிப் பார்த்தார். நாட்டுக்காக ரக்பி ஆடியவர்களுக்குத் தைத்துக் கொடுத்தது.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் மேடையில்.

குரல் கணீரென்று வந்தது. அவள் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"பேங்கொக்கிலயும் அன்னைக்கு இப்பிடித்தான் மழை."

பேங்கொக் கதை தாளில் இல்லை. வேண்டுமென்றே விட்டிருந்தாள்.

மண்டபம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. இந்தக் கதைக்காகத்தான் எல்லாக் கழகமும் அவரைக் கூப்பிடும். ஆட்டம் முடியும் நேரம். மூன்று புள்ளி பின்னால். சேற்றில் கிடந்த பந்தை, கூட ஆடிய சீலன் கிளப்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் எறிந்தது.

ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் அவர் நிறுத்துவார். சீலன் தன் மேசையிலிருந்து எழுந்து, "பொய்! பார்த்துத்தான் எறிஞ்சன்!" என்று கத்துவார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் மிச்சம்.

இப்போதும் நிறுத்தினார்.

மேசை மேசையாகத் தேடினார்.

"சீலன் எங்க? எழும்புடா மச்சான்."

யாரும் சிரிக்கவில்லை.

சீலன் போன மாரியில் இறந்துபோனார். பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கி நடந்தவர் இவர்தான். மண்டபத்தில் பாதிப் பேர் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள்.

யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். செயலாளர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். இளம் வீரர்களின் மேசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனின் காதில் ஏதோ கேட்டான். எழுந்து மேடைக்கு ஓடவேண்டும் என்று அவள் நினைத்தாள்.

"சீலா!"

முன்மேசையில் ரெஜினா எழுந்து நின்றாள்.

சீலனின் மனைவி.

அவளுக்கு ரெஜினாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. தட்டைப் பார்த்தாள்.

"இன்னும் வரல்லண்ணா," என்றாள் ரெஜினா. "மழைதானே. வருவார்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டு வாசலில் நின்று சொல்வதைப் போல.

"ஆ, சரி சரி." அவர் தலையாட்டினார். "வரட்டும். அவன் இல்லாம இத முடிக்க ஏலாது."

கையைக் கட்டிக்கொண்டார். வாசலைப் பார்த்தபடி நின்றார்.

மழை.

மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

எல்லோரும் தங்களை அறியாமலே ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரெஜினா இன்னும் உட்காரவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ரெஜினாவையும் எவ்வளவு நேரம் நிற்க வைப்பது?

அவள் எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். முழங்கால்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டன. மேடையில் ஏறியதும் அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். எங்கேயோ பார்த்துப் பழகியவரைக் கண்ட சிரிப்பு.

மைக்கை அவர் பக்கமிருந்து தன் பக்கம் திருப்பினாள். கூட்டத்தின் முன்னால் அவள் பேசியதே இல்லை. இதே கதையைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் வழியில், இதையே எத்தனை தரம்தான் சொல்வீர்கள் என்று சலித்துக்கொண்டவள்.

"மிச்சத்த நான் சொல்றன்."

செருமிவிட்டுத் தொடங்கினாள். தொடங்கியதும் எல்லாம் வந்தது. சீலன் எறிந்த பந்து மழைக்குள்ளே சுழன்று வந்தது. அதற்குப் பாய்ந்த எதிரணிக்காரர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சறுக்கி விழுந்தது. பந்து இன்னும் காற்றில்தான் இருந்தது.

அவர் நெருங்கி வந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிறகு? யார் பிடிச்சது?"

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. மனைவியைச் சீண்டுகிறார் என்று நினைத்தார்கள். நினைக்க ஆசைப்பட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து கணவரின் பெயரை அவர் முன்னால் அவள் சொன்னதில்லை.

"குலேந்திரன்," என்றாள். "குலேந்திரன் பிடிச்சார். ஓரத்தால தனிய ஓடினார். சட்டையப் பிடிச்சி இழுத்தாங்க. கிழிஞ்சிச்சி. நிக்கல்ல. கோட்டுக்கு அங்கால கொண்டுபோய்ப் பந்த வச்சார். மெட்ச் எங்களுக்கு."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அவரும் தட்டினார். முகமெல்லாம் மலர்ந்து, கைகளை உயர்த்தி, எல்லோரையும்விடச் சத்தமாக.