முகம் பொருந்தவில்லை

எம். புதுப்பட்டி ஓடையை ஒட்டிய புஞ்சையில், உச்சி வெயிலில், மகேஷ்குமார் குடையின் நிழலை டேப்லெட்டுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். அவர் கழுத்து அட்டையில் 'மண்வளப் பாதுகாப்பு டிஜிட்டல் ஒருங்கிணைப்பாளர்' என்ற பதவி மூன்று வரிக்கு ஓடுகிறது. பண்ணைக்குட்டை மானியத்துக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். தவறினால் இந்த வருஷத்து மழையும் ஓடையோடு போய்விடும். புஞ்சைக்குச் சொந்தக்காரி இருளம்மாள் பட்டாசு கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கன்னம், இமை எல்லாம் அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளிச் சிலைபோல மினுங்குகிறது. டேப்லெட் அவளை உற்றுப் பார்த்து, 'முகம் பொருந்தவில்லை' என்கிறது. மகேஷ்குமாருடைய குடிதண்ணீர் பாட்டில் முழுவதையும் அவள் முகத்தில் கவிழ்த்தாயிற்று. தண்ணீரை மண் குடித்துவிட்டது. பவுடர் மட்டும் அசையவில்லை.

"இது ஒங்க நிலந்தானம்மா?"

"பின்ன, ஒங்க நிலமா? பட்டாவக் காமிச்சாச்சு, ஆதாரக் காமிச்சாச்சு, இன்னும் என்னத்தக் காமிக்கச் சொல்லுதீக?"

"ஒருக்காக் கண்ணச் சிமிட்டுங்க. உசுரோட இருக்க ஆளான்னு ஆப்பு பாத்துக்கிடும்."

இருளம்மாள் குனிந்து, டேப்லெட்டின் உச்சியிலிருக்கும் மிளகளவு கறுப்புக் கண்ணை நேருக்கு நேர் பார்க்கிறாள். நீர் சொட்டும் அவள் இமை அசையவே இல்லை.

"மொதல்ல அதச் சிமிட்டச் சொல்லுங்க சார்."