ஒன்பது படகும் சிவப்பு

“வினிதா, ஒம்போது போட்டும் செவப்பா கீதுடி! கடல்ல இன்னா ஆச்சு?” கோவளம் கரையிலிருந்து அஞ்சம்மாள் போனில் அலறினாள்.

தாம்பரம் அலுவலகத்தில் இருந்த மகள் வினிதா கணினியில் பார்த்தாள். அங்கும் ஒன்பது படகுப் புள்ளிகளும் சிவப்பு. ஊர்ப் படகுகளுக்காக அவளே எழுதிய செயலி அது; கரையிலும் எல்லாப் படகிலும் போனில் தெரியும். ஆபத்து பட்டனை அழுத்திய படகு மட்டும்தான் சிவப்பாக வேண்டும்.

உடன் வேலை செய்யும் மகேஷ் எட்டிப் பார்த்தான். “ஆபத்துங்கிற வேரியபிளை, எல்லாப் படகுக்கும் அச்சு மாதிரி இருக்கிற கிளாஸுக்கே பொதுவா வச்சிருக்கே. ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியா இருக்கணும். இப்ப ஒரு படகுல மாறினா எல்லாத்துலயும் மாறிடும்.”

“அம்மா, பயப்படாத. கோடுலதான் தப்பு” என்று போனை வைத்தாள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “மகேஷ், யாரோ ஒருத்தர் நிஜமாவே அழுத்தியிருந்தாத்தானே எல்லாம் மாறும்?”

வேரியபிளைப் படகுக்குப் படகு தனியாக்கி, செயலியை மறுபடி ஓட்டினாள். எட்டு படகுகள் பச்சையாயின. ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது. அது அவள் அப்பா சம்பத்தின் படகு.

அவரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

“இன்ஜின் நின்னுபோச்சு கண்ணு, வேற ஒண்ணுமில்ல. இப்பத்தான் என் போட் மட்டும் செவப்புன்னு அல்லாருக்கும் தெரிஞ்சுதாம். எட்டு போட்டும் வந்துகினு கீது. யாரு கயிறு கட்டி இழுக்கிறதுன்னு இப்பவே சண்ட!”

வினிதா அழுதுகொண்டே சிரித்தாள்.